வெளிச்சம் போதாத இடத்தில்: எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓர் எளிய அறிமுகம்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குப் புதிய சேதி இல்லை. பட்டும் படாமலும் இருக்கும் உறவைச் சொல்ல வந்தால் 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று வாயில் தானாக வந்துவிடும். ஆனால் ஏன் ஒட்டுவதில்லை? இலை வழவழப்பாக இருப்பதால்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறானது.

1970-களில் ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லாட் ஏராளமான இலைகளின் மேற்பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவந்தார். படம் எடுக்கும் முன் இலையில் படிந்த தூசியைக் கழுவியாக வேண்டும். வழவழப்பான இலைகளை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியிருந்தது. சொரசொரப்பான சில இலைகளோ எப்போது எடுத்தாலும் சுத்தமாக இருந்தன. தாமரை அந்த இரண்டாவது வகை. அதன் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ் மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் புல் முளைத்ததுபோல மெழுகாலான நுண்குழல்கள். தண்ணீர்த் துளி இந்த முனைகளின் மேல் மட்டுமே உட்கார்கிறது; அடியில் காற்று அடைபட்டிருக்கிறது. அதனால் துளி உருண்டையாகவே நிற்கும், சாய்த்தால் தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். 1997-இல் பார்ட்லாட் தன் சகா கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து தாமரையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, தானே சுத்தமாகும் சுவர்ப் பூச்சுகள் வரை இந்த யோசனை போய்விட்டது.

அந்த மெழுகுக் குழல்களின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். எவ்வளவு நல்ல கண்ணாடி லென்ஸ் கொண்டுவந்தாலும் அவற்றைத் தெளிவாகப் பார்க்க முடியாது. ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு

தூரத்தில் வரும் பஸ்ஸைக் கைபேசியில் படம் எடுக்கிறீர்கள். போர்டில் எந்த ஊர் என்று படிக்க, படத்தை இரண்டு விரலால் விரிக்கிறீர்கள். எழுத்து பெரிதாகிறது, ஆனால் படிக்க முடிகிறதா? மங்கல்தான் பெரிதாகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டு என்று தனித்தனியாகக் காட்டும் திறமைக்குப் பிரிதிறன் என்று பெயர். ஒரு நுண்ணோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரிக்கிறது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

ஒளி ஓர் அலை. அலைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நீராழி மண்டபம். ஒரு பக்கமிருந்து வரும் அலை மண்டபத்தில் மோதி உடைகிறது, மறுபக்கத்தில் நிழல் விழுந்ததுபோல நீர் அடங்கிக் கிடக்கிறது. கரையில் நிற்பவர் அலையை மட்டும் பார்த்தே நடுவில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதே குளத்தில் ஓர் ஈர்க்குச்சியை நட்டுவையுங்கள். அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். தன் அளவைவிட மிகச் சின்னதாக இருப்பதைப் பற்றி அலை நமக்குச் சேதி கொண்டுவராது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிதான் எல்லை, அதற்குக் கீழே லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை என்று 1873-இல் எர்ன்ஸ்ட் ஆபே எழுதினார். கணக்குப் போட்டால் அந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு 7,000 நானோமீட்டர் அகலம், நன்றாகத் தெரியும். பாக்டீரியா ஆயிரம், இரண்டாயிரம் இருக்கும், அதுவும் தெரியும். போலியோ வைரஸ் வெறும் 30 நானோமீட்டர். அது ஒளிக்கு ஈர்க்குச்சி. (ஒளிரும் சாயங்களைக் கொண்டு இந்த எல்லையைத் தாண்டும் உத்திகள் பிற்காலத்தில் வந்தன. அது தனியாகப் பேச வேண்டிய கதை.)

எலக்ட்ரானும் ஓர் அலை

1924-இல் பிரான்ஸில் லூயி தெ பிராய் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார்: எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கும் அலைநீளம் உண்டு, வேகம் கூடக் கூட அது குறையும். மூன்றே ஆண்டில் சோதனைகள் அது சரி என்று காட்டின. 1,00,000 வோல்ட் கொடுத்து முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவே 0.1 முதல் 0.3 நானோமீட்டர்தான். அப்படியானால் அணுவைக்கூடத் தாராளமாகப் பார்க்கலாம் என்றல்லவா ஆகிறது!

எலக்ட்ரானைக் கண்ணாடி லென்ஸால் குவிக்க முடியாது. ஆனால் அதற்கு மின்னூட்டம் உண்டு, காந்தம் அதை வளைக்கும். கம்பிச் சுருளில் மின்சாரம் செலுத்தி உண்டாக்கும் காந்தப்புலம் எலக்ட்ரான் கதிருக்கு லென்ஸ் மாதிரியே வேலை செய்யும் என்று 1926-இல் ஹான்ஸ் புஷ் காட்டினார். 1931-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா இருவரும் இந்தச் சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் செய்தார்கள். அப்போது ருஸ்காவுக்கு வயது 24.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. வேலையைத் தொடங்கியபோது எலக்ட்ரான் ஓர் அலை என்பதே இவர்களுக்குத் தெரியாது. துகள்தானே, அலைநீளத் தொல்லை இருக்காது என்ற நம்பிக்கையில் இறங்கினார்கள். பிறகு தெ பிராயின் கருத்தைக் கேள்விப்பட்டதும், இதிலும் அலைநீளம் வந்து மறிக்கிறதே என்று ருஸ்கா மனம் சோர்ந்துபோனார். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த அலைநீளம் ஒளியினுடையதைவிட எவ்வளவோ சிறியது என்று தெரிந்து தெம்பு வந்தது. 1933-இல் அவர் செய்த அடுத்த கருவி ஒளி நுண்ணோக்கியை மிஞ்சியது. அப்படியும் பலர் நம்பவில்லை. இந்தக் கதிரில் உயிர்ப்பொருளை வைத்தால் கரிந்து போகும், அதைப் பார்த்து என்ன பயன் என்றார்கள். மருத்துவரான தம்பி ஹெல்முட் ருஸ்கா அண்ணனுக்குத் துணை நின்று, 1930-களின் இறுதியில் வைரஸ்களையே படம் எடுத்துக் காட்டினார். எர்ன்ஸ்டுக்கு நோபல் பரிசு வந்தது 1986-இல், 79 வயதில். நோல் அதற்கு வெகு முன்பே காலமாகிவிட்டார்.

தமிழ்நாட்டில் எலக்ட்ரான் நுண்ணோக்கி என்றோ மின்னணு நுண்ணோக்கி என்றோ எழுதுகிறோம். இலங்கைப் பாடநூல்களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி.

இரண்டு வகை

ஒன்று, ஊடுருவிப் பார்ப்பது. ஆய்வகங்களில் 'டெம்' என்பார்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பதுபோல எலக்ட்ரான் கதிர் பொருளின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். வழியில் எங்கே தடுக்கப்பட்டதோ அங்கே கருப்பு, எங்கே எளிதாகப் போனதோ அங்கே வெளுப்பு. எலக்ட்ரானுக்கு எக்ஸ்ரே போல வலிமையான ஊடுருவல் கிடையாது. ஆகவே திசுவை 50 முதல் 100 நானோமீட்டர் தடிமனுக்குச் சீவ வேண்டும். முதலில் வேதிப்பொருளில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, நீரை எடுத்து, பிசின் ஏற்றி, வைரக் கத்தி பொருத்திய கருவியில் சீவி, 3 மில்லிமீட்டர் அகலச் செப்பு வலையில் ஏந்தி, ஈயம், யுரேனியம் போன்ற கனமான உலோகங்களின் உப்பால் சாயமேற்றி... ஒரு படத்துக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கும்.

மற்றது 'செம்'. வருடிப் பார்ப்பது. இருட்டு மண்டபத்தில் டார்ச்சை வரிசை வரிசையாக ஓட்டிச் சுவரை முழுக்கப் பார்ப்பதுபோல, ஊசிமுனை போன்ற கதிர் மேற்பரப்பில் வரிசையாக நகரும். படும் இடத்திலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை எண்ணி எண்ணிக் கணினி படத்தைக் கட்டுகிறது. எறும்பின் முகம், ஈயின் கூட்டுக்கண், மகரந்தத் தூள் என்று மேடும் பள்ளமுமாக நாம் பார்த்து வியக்கும் படங்கள் எல்லாம் இந்த வகைதான். மின்சாரம் கடத்தாத பொருளுக்கு முன்கூட்டியே சில நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு கொடுப்பது வழக்கம். 'செம்'மில் இன்னொரு வசதியும் உண்டு. கதிர் பட்ட இடத்திலிருந்து எக்ஸ் கதிரும் கிளம்பும். அதை அளந்தால் அந்த இடத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். துப்பாக்கி சுட்டவர் கையில் ஒட்டிய துகளில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று தடயவியல் ஆய்வகங்கள் பார்ப்பது இப்படித்தான். கணினிச் சில்லு செய்யும் ஆலையிலும் பழுதைத் தேட இதே கருவிதான்.

இரண்டிலும் கருவிக்குள் காற்று இருக்கக் கூடாது, இருந்தால் எலக்ட்ரான் வழியிலேயே சிதறிப்போகும். வெற்றிடத்தில் நீர் ஆவியாகிவிடும் என்பதால், உயிரோடு ஓடியாடும் செல்லை இதில் பார்க்க முடியாது. படத்தில் நிறமும் கிடையாது. நிறம் என்பது ஒளியின் குணம், இங்கே ஒளியே இல்லை. செய்தித்தாளில் வரும் சிவப்பும் பச்சையுமான வைரஸ் படங்கள் பின்னால் வண்ணம் தீட்டியவை. அப்புறம், இப்படிப்பட்ட படம் எதைப் பார்த்தாலும் ஓரத்தில் இருக்கும் சின்னக் கோட்டையும் அதன் பக்கத்து எண்ணையும் முதலில் பாருங்கள். அளவு தெரியாமல் பார்த்தால் மகரந்தமும் வைரஸும் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரியும்.

செல்லுக்குள்

ஒளி நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா ஒரு புள்ளியாகவோ சின்ன நூலாகவோ தெரிந்தது. 1950-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே போன்றவர்கள் அதன் உள்ளே சவ்வு மடிப்பு மடிப்பாக இருப்பதைக் கண்டார்கள். புரதம் தயாரிக்கும் ரைபோசோமை அவர் 1955-இல் விவரித்தார். பள்ளியில் நாம் வரைந்து பாகம் குறித்த செல் படத்தில் பாதிக்கு மேல் இந்தக் கருவி தந்தது. ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் தெ டுவ் ஆகியோருடன் பலாடே 1974-இல் நோபல் பரிசு பெற்றார்.

கிரீடம் சூட்டிய வைரஸ்

இந்தக் கருவியின் வரலாற்றில் யாராவது ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லச் சொன்னால் ஜூன் அல்மெய்டாவைத்தான் சொல்வேன். 1930-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டுநர். கல்லூரிக்குப் போகப் பணமில்லாமல் 16 வயதில் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு, ஊர் மருத்துவமனையின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு கனடாவின் டொரான்டோவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கைதேர்ந்தவரானார்.

வைரஸைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. படத்தில் தெரியும் நூறு துணுக்குகளில் எது வைரஸ், எது செல்லின் குப்பை என்று எப்படிச் சொல்வது? நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்த வைரஸை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அதை மாதிரியோடு கலந்தால் வைரஸ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், குப்பை தனியாகக் கிடக்கும். இந்த உத்தியை வளர்த்தெடுத்து, நாளும் பயன்படும் முறையாக்கியவர்களில் அல்மெய்டா முக்கியமானவர்.

1964-இல் லண்டன் திரும்பி செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். சளிக் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் டிரெல், ஒரு பள்ளி மாணவனின் மூக்குச் சளியிலிருந்து எடுத்த பி814 என்ற மாதிரியை அவரிடம் அனுப்பினார். வழக்கமான வளர்ப்பு முறைகளுக்கு அது மசியவில்லை. அல்மெய்டா பார்த்தார்: உருண்டை, அதைச் சுற்றிலும் ஒளிவட்டம் போலக் குமிழ் முனைகள். இதே உருவத்தை அவர் முன்பே கோழியின் மூச்சுக்குழல் நோயிலும் எலியின் ஈரல் நோயிலும் கண்டிருந்தார். அப்போது அவர் அனுப்பிய கட்டுரையை, 'இவை இன்ஃப்ளுவென்சா வைரஸின் மோசமான படங்கள்' என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். இப்போது மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. லத்தீனில் கிரீடத்துக்குக் 'கொரோனா'. 1968-இல் கொரோனா வைரஸ் என்ற பெயர் அச்சில் வந்தது. அந்தப் பெயர் அரை நூற்றாண்டு கழித்து உலகத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழையும் என்று 2007-இல் மறைந்த அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மோசமான படம் என்று ஒருவர் ஒதுக்கியதும் புதிய குடும்பம் என்று இன்னொருவர் கண்டதும் ஒரே படம்தான். கருவி இருவருக்கும் ஒன்றைத்தான் காட்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றிப் பேசும்போது கருவியை மட்டும் புகழ்ந்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

வைரஸைக் கண்டறிய இப்போது பிசிஆர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். பிசிஆர் என்பது வாக்காளர் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட பெயரைத் தேடுவது போன்றது. தேடும் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கி தெருவில் நின்று யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. யாரென்றே தெரியாதவர் வந்தாலும் கண்ணில் படுவார். 2003-இல் சார்ஸ் பரவியபோது காரணம் யாருக்கும் தெரியவில்லை. நோயாளியின் மாதிரியை விட்டு வளர்த்த செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கிரீடம். வைரஸ்கள் நிறைய இருந்தால்தான் கண்ணில் படும் என்பதும் செலவும் இதன் குறைகள். அதனால் தினசரிப் பரிசோதனைக்கு இது ஒத்துவராது. 2020-இல் இந்தியாவின் முதல் கோவிட் நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில், சுமார் 75 நானோமீட்டர் அளவுள்ள வைரஸ் துகள் ஒன்றைப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் படம் பிடித்து வெளியிட்டது.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு இன்னும் பெரிய கதை. எத்தனையோ பச்சிளம் உயிர்களைக் கொண்டுபோன அந்த நோய்க்குப் பாதி நேரம் காரணமே தெரியாமல் இருந்தது. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவரது சகாக்களும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த துளித் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். செல்களுக்குள் சக்கரம் சக்கரமாக வைரஸ்கள்! லத்தீனில் சக்கரம் 'ரோட்டா'. அதுவே பெயராயிற்று. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த ஒரு வகை ரோட்டா வைரஸைக் கொண்டு இந்தியாவிலேயே தடுப்பு மருந்து உருவாக்கி, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் பெரிய அளவில் சோதித்தார்கள். 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து கொடுக்கிறார்கள் என்றால், அதன் தொடக்கம் மெல்பர்னில் எடுத்த அந்தக் கருப்பு வெள்ளைப் படம்.

இருக்கவே கூடாத படிகம்

உயிரியலை விட்டு உலோகத்துக்கு வருவோம். எலக்ட்ரான் கதிர் ஒரு படிகத்தின் வழியாகப் போகும்போது, உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட முறைக்கு ஏற்பத் திரையில் புள்ளிக்கோலம் விழும். கோலத்தை வைத்து அடுக்கைக் கணக்கிடலாம். எக்ஸ் கதிராலும் இதைச் செய்யலாம்தான், ஆனால் அதற்கு ஓரளவு பெரிய படிகம் வேண்டும். எலக்ட்ரானுக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு மணி போதும்.

1982 ஏப்ரல் 8 அன்று இஸ்ரேலைச் சேர்ந்த டான் ஷெக்ட்மன், அமெரிக்க அரசின் தர அளவீட்டு ஆய்வகம் ஒன்றில், அலுமினியமும் மாங்கனீசும் உருக்கிக் கலந்து மிக வேகமாகக் குளிரவைத்த உலோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வட்டமாகப் புள்ளிகள். எண்ணினார், பத்து. மறுபடி எண்ணினார், பத்துதான். தன் குறிப்பேட்டில் பத்து என்று எழுதிப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார்.

ஏன் கேள்விக்குறி? குளியலறைத் தரைக்கு ஓடு பதிப்பவரைக் கேளுங்கள். சதுர ஓடு இடைவெளி இல்லாமல் பொருந்தும், முக்கோணம் பொருந்தும், அறுகோணமும் பொருந்தும். ஐங்கோண ஓடு மட்டும் எப்படி வைத்தாலும் சந்து விடும். படிகத்தில் அணுக்கள் அடுக்கப்படுவதும் இதே விதிப்படிதான் என்று நூற்றாண்டாகப் பாடம் நடத்தியிருந்தார்கள். ஐந்துக்கும் பத்துக்கும் இடமே கிடையாது. குழுத் தலைவர் ஷெக்ட்மனிடம் ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கடைசியில் குழுவை விட்டே போகச் சொல்லிவிட்டார். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் வாழ்நாள் முழுக்க இதை ஏற்கவில்லை. 1984-இல்தான் கட்டுரை வெளிவந்தது. அடுக்கில் ஒழுங்கு உண்டு, ஆனால் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வராது என்ற புதிய வகைப் பொருள் அது. இன்று அதற்குக் குவாசி படிகம் என்று பெயர். 1992-இல் படிகம் என்ற சொல்லின் இலக்கணத்தையே திருத்தினார்கள். 2011-இல் ஷெக்ட்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழம்பொருள் ஆராய்ச்சியிலும் இந்தக் கருவிக்கு வேலை உண்டு. 2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில், 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துணுக்கைப் பார்த்தவர்கள் அதில் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களைக் கண்டார்கள். அந்த வகை வாள்கள் இந்தியாவிலிருந்து போன உருக்கால் செய்யப்பட்டவை. 2020-இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள், கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக எழுதினார்கள். வாளைவிட அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பானை சுட்டவருக்கு நானோ என்ற சொல் தெரிந்திருந்தது என்று யாரும் இதை நீட்டிவிட வேண்டாம். தாவரச் சாறு போன்ற ஏதோ ஒன்றைப் பூசி நல்ல சூட்டில் சுட்டிருக்கிறார்கள், பூச்சு இத்தனை நூற்றாண்டு உதிராமல் நின்றிருக்கிறது. அந்தக் கைத்திறன் தன்னளவிலேயே பெருமைக்குரியது.

உறையவைத்துப் பார்ப்பது

புரத மூலக்கூறைப் பார்ப்பதுதான் வெகுகாலம் எட்டாக்கனியாக இருந்தது. நீரை எடுத்துவிட்டால் புரதம் சுருங்கி உருமாறும். நீரோடு உறையவைக்கலாம் என்றால், ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்துப் பார்த்திருப்பீர்களே, கொளகொளவென்று ஆகியிருக்கும். நீர் மெல்ல உறையும்போது பனிப்படிகம் வளர்ந்து எல்லாவற்றையும் குத்திக் கிழித்துவிடுகிறது.

1980-களின் தொடக்கத்தில் ஹைடல்பர்க்கில் இருந்த ஜாக் டியுபோஷே இதற்கு வழி கண்டார். மெல்லிய நீர்ப்படலத்தைச் சுமார் மைனஸ் 190 டிகிரி வரை குளிரூட்டிய திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கினால், படிகம் வளர நேரமே இருக்காது. நீர் கண்ணாடி போல அப்படியே இறுகிவிடும். மூலக்கூறுகள் மிதந்த நிலையில் நிற்கும்.

அடுத்த சிக்கல், கதிர் பலமாக இருந்தால் மூலக்கூறு சிதையும், மெலிதாக இருந்தால் படம் மங்கும். இதற்கு யோவாகிம் ஃபிராங்க் கணித வழி வகுத்தார். ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பிள்ளையார் பொம்மைகளைத் தரையில் கொட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மல்லாந்து கிடக்கும், ஒன்று கவிழ்ந்து, ஒன்று ஒருக்களித்து. எல்லாவற்றையும் மங்கலாகப் படம் எடுத்து, ஒரே பக்கம் காட்டுபவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மங்கல் விலகும். எல்லாப் பக்கமும் கிடைத்ததும் முழு உருவத்தை முப்பரிமாணத்தில் கட்டிவிடலாம். கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1990-இல் ஒரு புரதத்தின் அணு அளவிலான அமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியாலேயே கண்டு, இது நடக்கக்கூடியதுதான் என்று நிரூபித்திருந்தார். 2013 வாக்கில் எலக்ட்ரானை நேரடியாகப் பதிவுசெய்யும் கேமராக்கள் வந்தபின் படங்கள் சட்டென்று கூர்மையாயின. மூவருக்கும் 2017-இல் வேதியியல் நோபல் பரிசு.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பெற்றது எக்ஸ் கதிர்ப் படிகமுறையில் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக. அதற்கு ரைபோசோமைப் படிகமாக்க வேண்டும், அது தவம் மாதிரி. ஹெண்டர்சன் இருந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் வேலை செய்த அவரும் பின்னர் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறிவிட்டார். இதில் படிகமே வேண்டாம்.

2020 ஜனவரியில் புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானது. பிப்ரவரி 19 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேசன் மெக்லெலன் குழு அதன் மேற்பரப்பில் கிரீட முனைகளாக நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதத்தின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. கூர்ப்புரதத்தின் உருவம் கலையாமல் இருக்க அவர்கள் முன்பு வேறொரு கொரோனா வைரஸில் கற்ற திருத்தம், ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இடம்பெற்றது.

கருவி காட்டுவதெல்லாம் இருப்பதுதானா?

பள்ளியில் பாக்டீரியா படம் வரைந்தவர்களில் பலர் மீசோசோம் என்று ஒரு பாகம் குறித்திருப்பீர்கள், செல் சவ்வு உள்நோக்கி மடிந்து சுருண்ட பை. 1950, 60-களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அது தெளிவாகவே தெரிந்தது. சுவாசத்துக்கு, டிஎன்ஏ பிரிவதற்கு என்று அதற்கு வேலைகள்கூடச் சொன்னார்கள். பிறகு, வேதிப்பொருளில் ஊறவைக்காமல் வேகமாக உறையவைத்துப் பார்த்தபோது மீசோசோமைக் காணவில்லை. கெட்டிப்படுத்தும் வேதிப்பொருள்தான் சவ்வை அப்படிச் சுருட்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் தங்கள் தயாரிப்பு முறையின் தழும்பையே உறுப்பு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பத்தைக் கண்டு நம்பிய ஷெக்ட்மனும் சரி, மீசோசோமைக் கண்டு நம்பியவர்களும் சரி, கண் முன்னால் இருந்ததைத்தான் நம்பினார்கள். வேறு வழியில் தயாரித்துப் பார்த்தாலும் அது நிற்கிறதா என்பதில்தான் வித்தியாசம். ஷெக்ட்மனின் பத்து நின்றது.

இப்போது இந்தக் கருவியை வைத்துச் செய்யும் வேலைகளிலேயே என்னை அதிகம் ஈர்ப்பது மூளையின் வரைபடம். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவைச் சீவல் சீவலாக நறுக்கிப் படமெடுத்து, அதன் 302 நரம்பு செல்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்று கையாலேயே தொடர்ந்து போய் 1986-இல் வெளியிட்டது. 2024-இல் பழ ஈயின் முழு மூளை முடிந்தது: சுமார் 7,000 சீவல்கள், 1,39,000 நரம்பு செல்கள், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். கணினி கோடு பிடித்துக் கொடுக்க, ஏராளமான மனிதர்கள் பிழை பார்த்துத் திருத்தினார்கள். 2025-இல் எலி மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு கன மில்லிமீட்டர் துண்டு. பெரிய மணல் மணி அளவுதான். அதை 28,000 சீவல்களாக நறுக்கியதில் 52 கோடி இணைப்புகள் கிடைத்தன. முழு எலி மூளை அந்தத் துண்டைப்போலச் சுமார் 500 மடங்கு.